தேவையும் ஆசையும்



தேவைக்கு எல்லை உண்டு, ஆசைக்கு இல்லை. பசி, வயிறு நிறைந்தவுடன் அடங்கும். பெருமையோ பந்தி நிறைந்தாலும் அடங்காது.

நம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் அணித்தாகிய வடலூரில், 1867-ஆம் ஆண்டு இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. அங்கே குலம் யாதென வினவுவாரில்லை. பசித்தவர்க்குச் சோறு உண்டு. ஆக்கிய சோறு வயிற்றைச் சேர்கின்றது.

நம் கலியாணப் பந்தியிலோ, கடன்பட்டு ஆக்கிய பதார்த்தங்களுள் பாதி எச்சிலிலையோடு குப்பையைச் சேர்கின்றது. ஒரு கிலோ அரிசி விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் வேண்டும் என்பர் அறிஞர். நம் வயல்களுக்குப் பாயும் வீராணம் ஏரி, 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் அளித்து வருகின்றது. சோற்றை எறிவோர் அந்நீரையும் எறிகின்றனர் அல்லரோ?

ஆதலின் சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் இது: நிலத்தை ஈடு வைத்து விருந்து செய்ய வேண்டா. வருவோரை எண்ணிச் சமைப்போம்; உண்போரைக் கேட்டுப் பரிமாறுவோம். மிஞ்சும் பொருளை மக்களின் கல்விக்கு வைப்போம். கல்வி தேவை, பந்தியின் ஆடம்பரம் ஆசை. இவ்விரண்டையும் பிரித்தறியும் குடும்பமே கடனின்றி வாழும்.