மூட்டுவாதப் பிள்ளைகளும் செல்போன் சந்திப்பும்

(காலடிப்பேட்டையில் ஆதரவாளர் கூடுகையில் பேசியது)



"டாக்டர் இப்போது செல்போனிலேயே பிள்ளையைப் பார்த்துவிடுகிறாரே, பிரயாணப்படி இனி எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

மூட்டுவாதம் முதியோருக்கே வரும் என்றுதான் நம் ஜனங்கள் இன்னும் நினைக்கிறார்கள். 16 வயதுக்குள்ளும் அது வருகிறது. வருஷக்கணக்கில் மருந்தும் பரிசோதனையும் கேட்கிறது. 2020 மார்ச்சில் மத்திய அரசு தொலைமருத்துவ விதிகளை வெளியிட்டபின் வீடியோ சந்திப்புக்குத் தெளிவான வழி கிடைத்தது. பிள்ளையோடு பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு.

வீட்டில் பார்ப்பதில் ஒரு விசேஷம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு விறைப்பு காலையில்தான் அதிகம். எழுந்ததும் சுவரைப் பிடித்து நடக்கும் பிள்ளை, பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்து உள்ளே நுழையும்போது ஏறக்குறைய நன்றாகவே நடந்துவிடும். டாக்டர் எதைக் காண்பார்? ஆகவே, விடிந்தவுடன் பிள்ளை நடப்பதைப் போனில் படம் பிடித்து வைக்கும்படி தாய்மாரிடம் சொல்லுகிறோம்.

சந்திப்பில் செய்யவேண்டியவை எளியவை. நுனிக்காலிலும் குதிகாலிலும் நடக்கவேண்டும். ஜெபத்துக்குக் கூப்புவதுபோல் உள்ளங்கைகளையும், பிறகு புறங்கைகளையும் சேர்க்கவேண்டும். தன் மூன்று விரல் வாய்க்குள் நுழைகிறதா என்று காட்டவேண்டும். தாடையும் ஒரு மூட்டுதானே! இங்கிலாந்து மருத்துவர்கள் வகுத்த 'பி-கால்ஸ்' சோதனையில் உள்ளவை இவை. ஆனால் நம் ஒண்டுக்குடித்தன வீடுகளில் நாலு அடி வைத்தால் சுவர். மொட்டைமாடிக்குப் போகச் சொல்லுகிறோம். வீட்டிலுள்ள ஒரே போன், ஹார்பருக்கு ஷிப்டு போகும் தகப்பனின் சட்டைப்பையில் இருக்கும். அவர் வீட்டிலிருக்கும் வேளையைக் கேட்டே நேரம் குறிக்கவேண்டும். மருந்து அட்டையையும் காமிராவில் காட்டவேண்டும். மெத்தோட்ரெக்சேட் இவர்களுக்கு வாரம் ஒருமுறை மாத்திரம் கொடுப்பது. தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறோம். மூட்டின் சூட்டைப் போன் சொல்லாது. தாயின் புறங்கை இரண்டு முழங்காலையும் மாறிமாறித் தொட்டு ஓரளவு சொல்லும். கண்ணுக்கு அப்படி மாற்று இல்லை. இவர்களில் சிலருக்குக் கண்ணின் உள்ளே அழற்சி உண்டாகிறது. பெரும்பாலும் சிவப்பு இராது, வலி இராது, பிள்ளையும் ஒன்றும் சொல்லாது. கண் டாக்டர் ஸ்லிட் லாம்ப் கருவியில் நேரில் பார்த்தே கண்டுபிடிக்கவேண்டும். விட்டுவிட்டால் பார்வை போகலாம். ஆபத்து அதிகமுள்ள பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது தேவை, மூட்டு சுகமாயிருக்கும் மாதங்களிலும் தேவை. அந்த மாதங்களில்தான், "பிள்ளை ஓடியாடுகிறதே, ஒரு நாள் கூலியை விட்டு ஏன் போகவேண்டும்?" என்று வீட்டார் தயங்குகிறார்கள்.

2021 முதல் காலடிப்பேட்டையிலேயே மெட்ரோ நிற்கிறது. போய்வரும் கட்டணமும், உடன் போகிறவர் இழக்கும் கூலியும்தான் நாங்கள் கொடுக்கும் பிரயாணப்படி. போனில் முடியும் சந்திப்புக்கு அது வேண்டியதில்லை. கண் பரிசோதனைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் மாத்திரம் நிறுத்தவேண்டாம். காணிக்கைக் கவரின்மேல் 'கண்' என்று எழுதினால் அதற்கென்றே பிரித்து வைப்போம்.