வேடமும் ஆடையும்: கற்பனை உலகின் சமய உடை



இல்லாத ஓர் உலகத்தைக் கதையாக எழுத முனையும் மாணவர், அவ்வுலகத் துறவிக்கு எவ்வகை உடை அளிப்பது என்னும் வினாவை விரைவில் எதிர்கொள்கிறார். பெரும்பாலும் ஒரு நிறத்தைத் தெரிந்துகொண்டு மேலே செல்கிறார். நிறம் மட்டுமே ஓர் ஆடையைச் சமய ஆடை ஆக்கிவிடுமா என்பதை நாம் இன்று எண்ணிப் பார்ப்போம்.

பலரும் அறிந்த 'ஸ்டார் வார்ஸ்' படங்களை எடுத்துக்கொள்வோம். 1977இல் வெளிவந்த முதற்படத்தில், ஜெடாய் மரபினரான ஓபி-வான் கெனோபி பாலைநிலத்தில் மறைந்து வாழ்கிறார். தலைமூடியுடன் கூடிய பழுப்பு மேலங்கி அணிகிறார். அப்பாலைக் காட்சிகள் துனிசியாவில் படமாக்கப்பட்டவை. வெயிலையும் மணற்காற்றையும் தடுக்கும் அத்தகைய அங்கி வட ஆப்பிரிக்க மக்களின் வழக்கில் உள்ளதே. 1999இல் வந்த படத்திலோ, ஜெடாய் அனைவர்க்கும் அதுவே மரபுடை ஆயிற்று. இதனால் ஒரு முரண் எழுகிறது: தம் மரபின் அடையாள உடையை அணிந்துகொண்டே ஒருவர் எவ்வாறு ஒளிந்து வாழ்தல் இயலும்?

எனினும், பொது உடை புனித உடையாவது வரலாற்றுக்குப் புறம்பன்று. கத்தோலிக்கக் குருமார் திருப்பலியில் அணியும் மேலாடை, பண்டை உரோமர் அன்றாடம் போர்த்திய அங்கியிலிருந்து வந்ததாகும். காலப்போக்கில் மக்கள் தம் உடையை மாற்றிக்கொண்டனர். குருமார் பழையதையே வழிபாட்டிற்கு வைத்துக்கொண்டனர்.

ஆயின், கற்பனை ஆடையில் வேறொன்று குறைகிறது. அதனைக் கொடுத்தவர் யார்? பௌத்தத் துறவியரின் சீவரத்தை நோக்குவோம். தொடக்கத்தில் எறியப்பட்ட கந்தைகளே அதற்குத் துணியாயின. வயல்வரப்புப் போன்று துண்டுகளை இணைத்து அது தைக்கப்படுகிறது. மழைக்கால உறைவு முடிந்தபின் நிகழும் கடினா விழாவில், இல்லறத்தார் துறவியர்க்குத் துணி வழங்குகின்றனர். உடுத்துபவரையும் கொடுப்பவரையும் அத்துணி ஒரு கடமையில் பிணைக்கிறது. ஜெடாய் அங்கிக்கு அத்தகைய கொடையாளரைப் படம் காட்டுவதில்லை. வாட்போர் தொடங்குமுன் அதனைக் களைந்து எறிகின்றனர். அதனை எவரும் பொருட்படுத்துவதும் இல்லை.

தமிழில் 'வேடம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு: ஒன்று, பிறரை மருட்டும் மாற்றுருவம், மற்றொன்று, அடியார் தாங்கும் திருக்கோலம். பெரிய புராணம் கூறும் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் இவ்விரண்டும் மோதுகின்றன. பகைவனான முத்தநாதன் அடியார் கோலத்தில் வந்து அவரைக் குத்துகிறான். அவரோ அக்கோலத்தை மதித்து, அவனைத் தீங்கின்றி அனுப்புமாறு தத்தனைப் பணிக்கிறார். ஓர் ஆடைக்கு ஒரு சமுதாயம் எத்துணை மதிப்புத் தருகிறது என்பதை, அது பொய்யாக அணியப்படும்போதே நாம் முழுமையாக அறிகிறோம்.

நம் வகுப்பறைகளில் பல சமயத்தார் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் உடைகளிலிருந்து நிறத்தையும் வடிவையும் மட்டும் கடன்வாங்கினால், நம் கதைமாந்தர் மாறுவேடப் போட்டிக்கு வந்தவர் போலவே நிற்பர். ஆகவே, மாணவர்களே, எழுதுமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். இவ்வாடையைக் கொடுப்பவர் யார்? அணியும் உரிமை யாருக்கு? எப்போது களைய வேண்டும்? பொய்யாக அணிந்தவரை ஊர் என்ன செய்யும்? இவற்றுக்கு விடை கண்டபின் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.