வாய் வறட்சியும் எச்சில் பரிசோதனையும்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, வங்கியில் கணக்கு எழுதியவன். என் மனைவிக்கு ஷோக்ரன் நோய் இருப்பதால் அதைப் பற்றிப் படிக்க வேண்டியதாயிற்று. அதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

இரவில் தலைமாட்டில் தண்ணீர் இல்லாமல் படுக்க முடியவில்லை. முறுக்கு தின்றால் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறது. கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்துகிறது. இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயாலும், அலர்ஜி, மன அழுத்த மாத்திரைகளாலும் வாய் வறளும். அவற்றை முதலில் பார்க்க வேண்டும். அவை எதுவும் இல்லையென்றால், நம் நோய் எதிர்ப்பு சக்தியே நம் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் ஷோக்ரன் நோய். 1933-இல் ஹென்ரிக் ஷோக்ரன் என்ற சுவீடன் நாட்டுக் கண் டாக்டர் 19 பெண்களை ஆராய்ந்து எழுதினார்; அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. இந்த நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். எச்சில் குறைந்தால் பற்கள் மளமளவென்று சொத்தையாகும். ஒரு சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோயும் வரலாம். அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம்.

கண்டுபிடிப்பதுதான் சுலபமாக இல்லை. ஆன்ட்டி-ரோ என்ற ரத்தப் பரிசோதனை எல்லா நோயாளிகளிடமும் காட்டிக்கொடுப்பதில்லை. அப்போது கீழ் உதட்டின் உள்பக்கம் சிறிதாகக் கீறி, குட்டிச் சுரப்பிகள் சிலவற்றை எடுத்து பயாப்ஸி செய்கிறார்கள். என் மனைவிக்கு உதடு சில நாள் மரத்துப் போயிருந்தது.

நோய் சுரப்பியில் இருக்கும்போது, சுரப்பியிலிருந்து வரும் எச்சிலே சேதி சொல்லாதா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் டேவிட் வாங் குழுவினர் இதைத்தான் ஆராய்ந்தார்கள். எச்சிலில் ஆயிரக்கணக்கான புரோட்டீன்கள் உண்டு. சுரப்பிக்குள் வெள்ளணுக்கள் புகுந்து சேதப்படுத்தும்போது அவற்றில் சில கூடுகின்றன. 2010-இல் வந்த அவர்கள் ஆய்வில் கத்தெப்சின் டி, ஆல்ஃபா எனோலேஸ், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற மூன்றும் சேர்ந்து நல்ல அடையாளமாகத் தெரிந்தன. எனக்குப் பிடித்த விஷயம், ஆரோக்கியமானவர்களோடு மட்டும் ஒப்பிடாமல் லூபஸ் நோயாளிகளோடும் ஒப்பிட்டார்கள். ஏனென்றால் லூபஸிலும் உடல் தன்னையே தாக்குகிறது. செக்கில் வேறு ஆள் கையெழுத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அச்சு அசலாக அதே போலப் போட்டதைப் பிரித்துக் காட்டுவதுதான் சரிபார்ப்பு.

பிறகு ஏன் நம் ஊர் லேப்பில் இது சாதாரணமாக நடப்பதில்லை? எச்சில் வேளைக்கு வேளை மாறும். ஈறில் ரத்தம் கசிந்தால் கணக்கே மாறிவிடும். வாயிலுள்ள நொதிகளும் கிருமிகளும் புரோட்டீனைச் சிதைக்கும். அதனால் ஐஸில் வைத்துச் சேகரிக்க வேண்டும். இந்த நோயாளிகளிடம் எச்சிலே குறைவு என்பது இன்னொரு சிக்கல். தண்ணீர் குறைந்தாலே புரோட்டீன் அடர்த்தி கூடினது போலத் தெரியும். நிஜமாகவே கூடியதா என்று தனியே பார்க்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய் அமைப்புகள் ஆராய்ச்சிக்காக 2016-இல் வகுத்த மதிப்பெண் முறையில் பயாப்ஸிக்கு 3, ஆன்ட்டி-ரோவுக்கு 3, நிமிடத்துக்கு 0.1 மில்லிக்கு மேல் எச்சில் ஊறாவிட்டால் 1. கண் பரிசோதனைகளுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 4 வந்தால் ஷோக்ரன். எச்சில் புரோட்டீனுக்கு அதில் இடமில்லை. ஆகவே 'குழாயில் துப்பி அனுப்புங்கள், முடிவு செல்போனில் வரும்' என்று யாராவது விளம்பரம் செய்தால், பணம் கட்டும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எழுதிக்கொண்டு போங்கள். வாய் வறள்வதைப் பல் டாக்டரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். பயாப்ஸி என்றால் பயமாக இருக்கிறது என்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். என் மனைவி விவரமாகச் சொல்லத் தயார். காபியோடு ஒரு சொம்பு தண்ணீரும் நிச்சயம் உண்டு.