மதகும் இதயமும்



சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில், வெள்ளாற்றங்கரையில் அமைந்திருப்பது சேத்தியாத்தோப்பு. அதுவே என் ஊர். அங்கே ஆற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு உண்டு. என் தந்தையார் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். மதகுகளின் கதவை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. கதவு சரியாகத் திறவாவிட்டால் என்ன நேரும் என்பதை நான் நூலிற் கற்கவில்லை. கடைமடை நாற்று காய்ந்ததைக் கண்டு அறிந்தேன்.

என் தமக்கைக்குச் சிறு வயதில் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்தன. பின்னர் மூட்டுகள் வலித்தன. வளரும் பிள்ளைக்கு வரும் வலிதானே என்று விட்டுவிட்டோம். அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைக் கிருமியை எதிர்த்துப் போரிடும் உடல், தவறித் தன் இதயத்தின் வால்வுகளையே புண்படுத்திவிடும் நோய் அது. 24 வயதில் அவள் களையெடுக்கக் குனிந்தால் மூச்சு வாங்கிற்று. செயற்கை வால்வு வைக்கவேண்டும் என்றார் மருத்துவர்.

அன்றிரவு தந்தையார் என்னைக் கேட்டார்: “தம்பி, நீ இன்ஜினீயருக்குப் படித்தவனாயிற்றே. அந்தக் கதவு எத்தனை காலம் உழைக்கும்?”

நான் இயந்திரவியலில் பட்டம் பெற்று, ஒரு தொழிற்சாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆயினும் எனக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கமே என்னை மீண்டும் மாணவனாக்கிற்று.

கேட் தேர்வு எழுதி, மருத்துவமனைப் பொறியியல் என்னும் எம்.டெக். வகுப்பிற் சேர்ந்தேன். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் ஆகிய மூன்றும் கூடி நடத்தும் படிப்பு அது. கணக்கும் கருவியும் ஓரிடம். நோயாளியின் கட்டில் மற்றோரிடம். குழாயில் ஓடும் நீரைக் கணக்கிடத் தெரிந்த எனக்கு, இரத்தம் நீரன்று என்பதே முதற் பாடமாயிற்று. அதில் உயிரணுக்கள் மிதக்கின்றன; உராய்ந்தால் சிதைகின்றன. அயற்பொருளைத் தொட்டால் அது உறைகிறது.

தந்தையாரின் வினாவுக்கு விடை திருவனந்தபுரத்திற் கிடைத்தது. மருத்துவர் வலியத்தானின் தலைமையில் அங்கே சித்ரா வால்வு உருவாயிற்று. முதல் மூன்று அமைப்புகளும் நிலைக்கவில்லை. ஒன்றில் பற்றவைத்த இடம் முறிந்தது. மற்றொன்றில் கடினமான நீலக்கல் தட்டு, சோதனை ஆட்டின் உடலுக்குள்ளேயே உடைந்தது. உறுதியான உலோகச் சட்டத்தில் பாலிஎத்திலீன் தட்டு பொருத்திய நான்காம் அமைப்பே வென்றது. 1990 டிசம்பர் 6-ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

இதயம் நிமிடத்திற்கு 70 முறை துடிப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு ஒரு லட்சம். ஆண்டொன்றுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல். ஆகவே, வால்வைப் பன்மடங்கு விரைவாக இயக்கும் பொறியில் பூட்டி, பல ஆண்டுகளின் தேய்மானத்தைச் சில திங்களிற் கண்டறிகின்றனர். நன்கு செய்த கதவு பல்லாண்டு உழைக்கும் என்று தந்தையாருக்கு எழுதினேன்.

ஆனால் அது பாதி விடையே. உலோக வால்வில் இரத்தம் உறையாதிருக்க, அதைப் பொருத்திக்கொண்டவர் நாள்தோறும் மாத்திரை உண்ணவேண்டும். மருந்து குறைந்தால் உறையும். மிகுந்தால் இரத்தம் கசியும். அளவறிய அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். என் தமக்கைக்கோ, அதற்காகச் சிதம்பரம் சென்றால் ஒரு நாட்கூலி போய்விடும். நடவு காலத்தில் மூன்று மாதம் போகாமலே இருந்துவிட்டாள். ஒரு நாள் அவளுடைய வலக்கை சற்று நேரம் அசையவில்லை. நல்ல வேளையாக மீண்டாள்.

அதுவே என் ஆய்வுப் பொருளாயிற்று. விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்தேன். சோதனையறையில் அது செம்மையாக வேலை செய்தது. சித்திரை மாதம் எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையின் கீழ் வைத்தேன், பிழையாகக் காட்டிற்று. துளியை 37 டிகிரியில் வைத்திருக்கவேண்டும். என் கருவிக்குச் சூடேற்றத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. வீடோ அந்த அளவையும் கடந்து கொதித்தது! அந்தக் குறையையும் மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதினேன். பட்டம் கிடைத்தது. கருவி இன்னும் முடியவில்லை, அதைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

தந்தையார் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கதவு செய்பவன் வேறு, தம்பி, காவல் இருப்பவன் வேறு. இரண்டும் வேண்டும்.”

மாணவர்களே! இப்படிப்பில் சேர விரும்பினால் கணிதத்தையும் இயற்பியலையும் விடாதீர்கள்; உயிரியலைக் கண்டு அஞ்சாதீர்கள். நீங்கள் செய்யும் கருவி யாருடைய வீட்டில், எந்த வெயிலில் இயங்கப்போகிறது என்பதை முதலிற் சென்று பாருங்கள். இன்னொன்று: உங்கள் தம்பி தங்கையருக்குத் தொண்டைப் புண்ணோடு காய்ச்சல் வந்தால் அசட்டையாக இராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தக்க சமயத்தில் பென்சிலின் கொடுத்திருந்தால், என் தமக்கைக்குச் செயற்கை வால்வே வேண்டியிருந்திராது.