மோட்சத்தில் இடமில்லாத அக்காள்

(வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று குழந்தைகள் புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சாஸ்திரம், புராணம் என்று பேசித் திரிந்தவனுக்கு இது என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். முப்பது வயதில் முதன்முதலாக ஒரு புராணத்தைக் கேட்டு எவனும் நம்பிவிடுவதில்லை. ஐந்து வயதில் மடியில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததைத்தான் ஐம்பது வயதிலும் விடமுடியாமல் கட்டிக்கொண்டு அழுகிறான். ஆகையால் குழந்தைக்கு எந்தக் கதை சொல்லப்படுகிறது என்று கவனிப்பது நமக்குச் சில்லரை வேலையாகாது.

நான் எடுத்துக்கொண்டது இங்கிலீஷ் கதை. சி. எஸ். லூயிஸ் என்பவர் எழுதிய நார்னியாக் கதைகள். 1950-ம் வருஷம் முதல் 1956 வரை வருஷத்துக்கு ஒன்றாக ஏழு புத்தகங்கள் வெளிவந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட பாஷைகளில் அவை போயிருக்கின்றன. நான் காலேஜ் வாசலை மிதித்தவனல்ல. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழையும் படித்து முடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் பிடித்தது. படித்ததில் நஷ்டமில்லை. ஆசாமி வெகு நன்றாக எழுதுகிறார். அதனால்தான் அவரைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. மட்டமாக எழுதுகிறவனுடைய பிரசாரம் யாரைக் கெடுக்கப் போகிறது?

இந்த லூயிஸ் 1898-ல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். ஒன்பது வயதில் தாயைப் பறிகொடுத்தவர். வாலிபத்தில் நாஸ்திகராயிருந்து, பிறகு 1931-ல் கிறிஸ்து மதத்தில் திரும்பிச் சேர்ந்தவர். ஆக்ஸ்போர்டில் மாடலின் கல்லூரியில் ஆசிரியர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது ரேடியோவில் மதப் பிரசங்கம் செய்து பேர் வாங்கினவர்.

அந்த யுத்தத்திலிருந்துதான் கதையும் கிளம்புகிறது. 1939 செப்டம்பரில், குண்டு விழும் என்று பயந்து, இங்கிலாந்துப் பட்டணங்களிலிருந்து குழந்தைகளையும் கைக்குழந்தைக்காரத் தாய்மாரையும் சர்க்கார் கிராமாந்தரங்களுக்கு அனுப்பிற்று. முதல் சில நாட்களிலேயே ஏறக்குறைய 15 லட்சம் பேர் போனார்கள். லூயிஸ் வீட்டுக்கும் அப்படிச் சிறு பெண்கள் வந்து தங்கினார்கள். கதையிலும் லண்டனிலிருந்து நான்கு பிள்ளைகள் ஒரு கிழப் புரொபசர் வீட்டுக்கு வருகிறார்கள். மூத்தவன் பீட்டர், அடுத்தவள் சூசன், மூன்றாவது எட்மண்டு, கடைக்குட்டி லூசி. துணி அலமாரிக்குள் நுழைந்த லூசி, அதன் மறுபக்கம் பனி பெய்யும் நார்னியா என்ற தேசத்துக்குப் போய்வந்துவிட்டேன் என்று சொல்கிறாள். மற்றவர்கள் நம்பவில்லை.

தங்கைக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்து பீட்டரும் சூசனும் புரொபசரிடம் போகிறார்கள். அவர் சொல்லுகிற நியாயத்தைக் கேளுங்கள். லூசி பொய் சொல்லுகிறவள் அல்ல, பைத்தியமும் அல்ல, ஆகவே அவள் சொல்லுவது நிஜமாகத்தான் இருக்கவேண்டும்! தவிர, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுப்பதில்லையே என்று அவருக்கு வருத்தம் வேறு. தோழர்களே, கனவு கண்டிருக்கலாம், விளையாட்டில் தன்னை மறந்திருக்கலாம், தவறாக எண்ணியிருக்கலாம் என்ற வழிகளெல்லாம் எங்கே போய்விட்டன? யோக்கியமான மனிதன் தப்பாக எண்ணிக்கொள்வதே உலகத்தில் கிடையாதா? இதே வாதத்தைத்தான் லூயிஸ் ரேடியோவில் ஏசுநாதருக்கும் உபயோகித்தார். பொய்யர் அல்ல, பைத்தியக்காரர் அல்ல, ஆகவே கடவுள் என்றார். ரேடியோவில் பெரியவர்களுக்குச் சொன்னதைப் பிள்ளைகளுக்கு அலமாரிக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார். கதையில் லூசி சொன்னது நிஜமாகவே போகிறது. ஏன் போகாது? பந்தயம் கட்டுகிறவரும் அவரே, குதிரை ஓட்டுகிறவரும் அவரே.

இனி சூசனைக் கவனியுங்கள். நால்வரும் அலமாரிக்குள் நுழைந்து குளிரில் நடுங்கும்போது, இங்கே தொங்கும் கோட்டுகளைப் போட்டுக்கொள்ளலாமே என்று சொல்லுகிறவள் அவள்தான். அவை நம்முடையவை அல்லவே என்கிறான் அண்ணன். நாம் இவற்றை வீட்டைவிட்டு எடுத்துப் போகவில்லை, அலமாரியை விட்டுக்கூட எடுத்துப் போகவில்லையே என்று அவள் கணக்கு எடுத்துச் சொல்லுகிறாள். தர்க்கம் இல்லை என்று புரொபசர் குறைப்பட்டாரே, இதற்குப் பெயர் என்ன?

எட்மண்டு என்ன செய்கிறான்? சூனியக்காரி ஒருத்தி கொடுத்த துருக்கி மிட்டாய்க்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, உடன்பிறந்த மூவரையும் அவளிடம் காட்டிக்கொடுக்கப் போகிறான். அவன் உயிருக்கு ஈடாக அஸ்லான் என்ற தெய்வச் சிங்கம் கல்மேடையில் தன்னைப் பலி கொடுத்து மறுநாள் உயிர்த்தெழுகிறது. அந்தச் சிங்கம் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்த ராத்திரி அதன் கூடவே நடந்துபோய், அது கொல்லப்படுவதை மறைந்திருந்து பார்த்து, பிணத்தின் பக்கத்தில் விடியும்வரை அழுது கிடந்தவர்கள் இரண்டு பேர்: லூசியும் சூசனும். பீட்டர் அங்கே இல்லை. எட்மண்டு இல்லவே இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நால்வரும் அந்தத் தேசத்தை ஆளுகிறார்கள். அங்கேயே வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். சூசன் ராணியாயிருந்து, ராஜகுமாரர்கள் பெண் கேட்டு வருகிறார்கள். 1954-ல் வந்த புத்தகத்தில் ஒருவன் அவளைப் பலாத்காரமாகவே கட்டிக்கொள்ளப் பார்க்கிறான். (அவன் தேசத்தார் கறுத்த முகமும் தலைப்பாகையுமாக வருகிறார்கள், கெட்ட தேசம் என்றால் அந்த ஆசிரியருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அது வேறொரு நாள் பேச்சு.) நார்னியாவில் அவள் அழகாயிருந்ததும் வயது வந்ததும் குற்றமாகவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி இரண்டாவது தடவை வளர்ந்தாள், அப்போதுதான் குற்றம் வந்தது. 1952-ல் வந்த புத்தகத்திலேயே இதற்கு அடிபோடப்படுகிறது: குடும்பத்தில் அழகு அவள்தான் என்று பெரியவர்கள் எண்ணினார்களாம், படிப்பில் மட்டம் என்றும் ஒரு சொல்.

கடைசிப் புத்தகம் 1956. நார்னியா அழிகிறது, நல்லவர்களெல்லாம் அஸ்லானின் தேசத்தில், அதாவது மோட்சத்தில், கூடுகிறார்கள். பீட்டர், எட்மண்டு, லூசி எல்லோரும் இருக்கிறார்கள். சூசன் எங்கே என்று கேள்வி வருகிறது. அவள் இனி நார்னியாவுக்கு வேண்டியவளல்ல என்று அண்ணன் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறான். நார்னியாவைப் பற்றிப் பேசினால், சின்ன வயதில் நாம் விளையாடின விளையாட்டு என்று சொல்லிவிடுகிறாளாம். நைலான் காலுறை, உதட்டுச் சாயம், விருந்து அழைப்பு, இவற்றைத் தவிர அவளுக்கு வேறொன்றிலும் நாட்டமில்லையாம். இப்படி ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னபிறகு அண்ணன் என்ன செய்கிறான்? அந்தப் பேச்சை விடுங்கள், இதோ நல்ல பழமரங்கள் இருக்கின்றன, ருசி பார்க்கலாம் என்கிறான். காட்டிக்கொடுத்த தம்பி பக்கத்தில் நிற்கிறான். பிணத்தருகே விடிய விடிய அழுத தங்கை இல்லை. இவனுக்குப் பழம் தித்திக்கிறது.

குழந்தைகள் இந்தப் பக்கத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். பின்னால் பெரியவர்களாகிப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தவர்களுக்குத்தான் சுருக்கென்று தைத்தது. முதல் புத்தகத்தைத் தம் ஞானமகளான ஒரு சிறுமிக்குக் காணிக்கையாக்கின லூயிஸ், நீ இப்போது இதற்கு மிஞ்சி வளர்ந்துவிட்டாய், ஆனாலும் ஒரு நாள் மறுபடியும் படிக்கும் வயது வரும் என்ற கருத்தில் எழுதியிருந்தார். அவர் சொன்னபடியே மறுபடியும் படித்தார்கள். படித்துக் கேள்வியும் கேட்டார்கள். பிலிப் புல்மன் என்ற நாஸ்திக எழுத்தாளர், வயது வந்த பெண் என்பதே லூயிசுக்கு ஆகவில்லை என்று 1998-ல் பத்திரிகையில் எழுதினார். ஹாரி பாட்டர் கதை எழுதிய ரௌலிங் அம்மையாரும் 2005-ல் இதே மனக்குறையைச் சொன்னார்.

லூயிசுக்கு வேண்டியவர்கள் ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். சாயம் பூசினதற்காக அவளைத் தள்ளவில்லை, நம்பிக்கையை விட்டதற்காகத்தான் என்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டால் சங்கதி இன்னும் மோசமாகிறது. நம்பாதவள் ஏன் நம்பவில்லை என்று ஒரு வரி விசாரணை உண்டா? அவளிடம் போய் யாராவது கேட்டார்களா? கிடையாது. நம்பாத பெண் என்றால் அலங்காரப் பைத்தியமாகத்தான் இருப்பாள் என்று, கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேட்டவளின் முகத்தில் சாயத்தைக் காட்டுகிறார்கள். மதக்காரர் எந்தத் தேசத்திலும் கையாளுகிற யுக்தி இது.

அந்தக் காலுறைதான் என்ன? லூயிஸ் எழுதிவைத்த காலக்குறிப்பின்படி சூசன் 1928-ல் பிறந்தவள். கதை முடிவது 1949-ல். யுத்தத்தில் நைலானெல்லாம் பாராசூட்டுக்குப் போயிற்று. இங்கிலாந்தில் துணிக்கு ரேஷன் 1941 ஜூனில் வந்து 1949 மார்ச்சில்தான் நீங்கிற்று. பதின்மூன்று வயதிலிருந்து ஒட்டுத் துணியும் கூப்பனுமாக வளர்ந்த 21 வயதுப் பெண் ஒரு ஜோடி நல்ல காலுறைக்கு ஆசைப்பட்டாள். இதற்கு மோட்சம் போய்விடுமானால், அங்கே கூட்டம் கொஞ்சமாகத்தான் இருக்கும். இங்கிலாந்துப் பெண்கள் 21 வயதில் ஆண்களுக்குச் சமமாக ஓட்டுரிமை பெற்றது அவள் பிறந்த அதே 1928-ல்தான். லூயிஸ் பாடம் சொன்ன மாடலின் கல்லூரியோ 1979-ல்தான் பெண்களை மாணவிகளாகச் சேர்த்தது. பெண் பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆகிறார்கள் என்று அந்தக் கல்லூரி மாடியிலிருந்து பார்த்தால் எவ்வளவு தெரியும்?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் இருக்கிறது. மற்றவர்கள் மோட்சத்துக்கு எப்படிப் போனார்கள்? ரயில் விபத்தில் செத்துப்போனார்கள். அண்ணன், தம்பி, தங்கை மூவரும் அதில் போனார்கள். அதே ரயிலில் வந்த தாயும் தகப்பனும் போனார்கள். புத்தகத்தில் இது சந்தோஷச் செய்தி. பள்ளிக்கூடம் முடிந்து விடுமுறை தொடங்கியதுபோல என்று சிங்கம் சொல்லுகிறது. தாய் தகப்பனார் தூரத்தில் கையை ஆட்டுகிறார்கள். லண்டனில் ஒருத்தி தனியாக மிச்சமிருக்கிறாளே, அவளுக்கு யார் சொல்லுவது என்று அந்தச் சொர்க்கவாசிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தந்தி யார் கையில் கிடைத்தது? ஐந்து பிணங்களை அடையாளம் காட்டினது யார்? அடக்கம் செய்தது யார்? பூட்டிய வீட்டைத் திறந்து, ஐந்து பேருடைய துணிகளை எடுத்து மடித்தது யார்? ஒன்பது வயதில் தாய் இல்லாத வீட்டில் இருந்தவர் லூயிஸ். இவை அவருக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்தும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பழமரமும் கொண்டாட்டமும் எழுத வந்திருக்காது.

2004-ல் நீல் கெய்மன் என்ற எழுத்தாளர் ‘சூசன் பிரச்சினை’ என்று ஒரு கதை எழுதினார். அதில் ஒரு கிழ அம்மாள், தன் வாலிபத்தில் ரயில் விபத்தில் இறந்த தன் வீட்டாரின் பிணங்களைப் போய்ப் பார்த்து அடையாளம் சொன்னதை நினைத்துப் பேசுகிறாள். இப்படிச் சூசனுக்காகக் கதை எழுதினவர்கள் இன்னும் எத்தனையோ பேர்.

லூயிசுக்கும் நியாயம் செய்யவேண்டும். சூசன் என்ன ஆனாள் என்று குழந்தைகள் அவருக்கே கடிதம் எழுதிக் கேட்டார்கள். 1957-ல் ஒரு பையனுக்கு, அவள் அசட்டுக் கர்வம் பிடித்தவளாகிவிட்டாள், ஆனால் உயிரோடுதான் இருக்கிறாள், திருந்த நாள் இருக்கிறது என்று பதில் போட்டார். 1960-ல் இன்னொருவருக்கு, அவளுடைய கதை பெரியவர்கள் படிக்கும் நாவல் போல நீண்டுவிடும், அதை என்னால் எழுத முடியாது, நீயே எழுதிப் பாரேன் என்று எழுதினார். 1963-ல் செத்துப்போனார். ஏழு புத்தகம் எழுதினவர், ஒரு பெண் துக்கத்தில் என்ன செய்வாள் என்ற எட்டாவதைப் படிக்கிறவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஏழு புத்தகங்களையும் வாசகசாலையில் வைக்கக் கூடாது என்று முன்வரிசையில் ஒரு தோழர் என்னிடம் சொன்னார். நான் அதற்குச் சம்மதியேன். ஏழையும் வையுங்கள், பிள்ளைகள் படிக்கட்டும். கடைசிப் புத்தகம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, சூசனுக்குத் தந்தி போயிற்றா என்று ஒரு கேள்வி மாத்திரம் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எனக்குக் கொடுத்த நேரத்துக்கு மேல் பேசிவிட்டேன். அடுத்த தோழர் காத்திருக்கிறார்.