யசோதை கண்டதும் தேவகி காணாததும்



பிள்ளைத்தமிழ் பத்துப் பருவங்களை உடையது. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டம் அவ்விலக்கிய வகையை இந்நாளில் நினைத்துப் பார்ப்பது பொருத்தமே. அதன் இலக்கணமும் வரலாறும் இவ்வவையினர் நன்கு அறிந்தவை. ஆகவே இவ்வுரை வேறொரு வினாவை எடுத்துக்கொள்கிறது. வளரும் குழந்தையைப் பார்த்திருக்கும் தாய் தந்தையர் நெஞ்சில் நிகழ்வது யாது? அதனைத் தமிழ்க் கவிதை எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறது? இன்று எழுதும் கவிஞர் அக்காட்சியை எங்கே வைத்திருக்கிறார்?

குழவியைப் பாடுதற்கும் உரிமை உண்டு என்று தொல்காப்பியப் புறத்திணையியல் இடம் தந்தது. அவ்விதை 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழாக முளைத்தது. பின்வந்த பாட்டியல் மரபு மூன்றாம் திங்களில் காப்பு என்று தொடங்கி, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி என ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் ஒரு பருவம் வைத்து, இருபத்தோராம் திங்களில் முடித்தது. வேறு கணக்கு உரைப்போரும் உளர். ஆயினும் இக்கணக்கில் ஒரு செய்தி நோக்கத்தக்கது. வருகை முதலாக உள்ள ஐந்து பருவங்களும், அதாவது நூலின் சரிபாதி, எழுந்து நடக்கத் தொடங்கிய குழந்தைக்கே உரியவை. மடியில் கிடக்கும் குழந்தைக்கு அளித்த அதே இடத்தை, மடியைவிட்டு இறங்கிய குழந்தைக்கும் மரபு அளித்திருக்கிறது.

இக்கணக்கு வெறும் சடங்குக் கணக்கன்று. கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலை நிமிர்த்தி அசையும் நிலையே செங்கீரை. ஐந்தாம் திங்களை ஒட்டிக் குழந்தை கையூன்றி மார்பை உயர்த்தும் என்று இன்றைய குழந்தை மருத்துவமும் கூறும். ஒன்பதாம் திங்களுக்குச் சொல்லப்பட்ட சப்பாணி கை கொட்டுதல் ஆகும். அதுவும் ஏறத்தாழ அக்காலத்தில் நிகழ்வதே. பாட்டியல் எழுதிய புலவர்கள் மருத்துவர் அல்லர். இவ்வறிவு அவர்களுக்கு வந்த இடம் திண்ணையும் தூளியும் பாயும் கிடந்த முற்றம். பார்த்தவர்கள் பெண்கள், ஏட்டில் ஏற்றியவர்கள் புலவர்கள்.

எனினும் பருவக் கணக்கைக் கால அட்டவணையாகக் கொள்ளுதல் பெரும்பிழை. அடுத்த வீட்டுக் குழந்தை பதினோரு மாதத்தில் நடந்துவிட்டதே என்று இரவெல்லாம் உறங்காத தாய்மார் எத்தனையோ பேர். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி உலக நலவாழ்வு நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, துணையின்றி நடக்கும் ஆற்றல் 8 மாதம் முதல் ஏறக்குறைய 17½ மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழாமலே எழுந்து நடந்தனவாம். இயற்கை கதவை ஒன்பது மாத காலம் திறந்து வைத்திருக்கிறது. வாயிலில் கடிகாரத்தோடு நிற்பது பெற்றோரின் அச்சமே.

இங்கே குமரகுருபரர் வரலாறு நினைக்கத்தக்கது. மீனாட்சியம்மைக்கு வருகைப் பருவம் பாடிய அப்பெருமகனார், ஐந்து வயது வரை வாய் பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் திருச்செந்தூர் முருகன் திருமுன் கொண்டுசென்ற பின்னரே பேசினார் என்றும் அவர் வரலாறு கூறும். பேசாத பிள்ளையைப் பெற்றோர் கைவிடவில்லை. கவலையற்று வாளாவிருக்கவும் இல்லை. தங்கள் காலத்துக்குத் தெரிந்த வாயிலைத் தட்டினர். இன்றைய பெற்றோர் காது கேட்கும் திறனை ஆராயும் மருத்துவரிடமும் செல்லவேண்டும். காலம் மாறினும் செயலின் வேர் ஒன்றே: பிள்ளையை உற்றுப் பார்த்தல்.

அவ்வாறு உற்றுப் பார்த்தலின் உச்சத்தைப் பெரியாழ்வாரிடம் காணலாம். பத்துப் பருவம் என்னும் வேலி எழுவதற்கு முன்னரே பாடியவர் அவர். அம்புலி அவரிடம் செங்கீரைக்கு முன்னரே வந்துவிடுகிறது. காரணம் எளிது. அவர் யசோதையின் கண்ணைக் கடன் வாங்கினார். யசோதை எந்த இலக்கணமும் படித்தவள் அல்லள். தொட்டிலில் இட்டால் உதைக்கிறான், தூக்கினால் இடுப்பு நோகிறது, தழுவினால் வயிற்றின்மேல் துள்ளுகிறான், உடம்பு இளைத்துப் போயிற்று என்று தொடக்கத்திலேயே அவள் முறையிடுகிறாள். தெய்வக் குழந்தையை வளர்ப்பவள் களைத்துப் போகிறாள்! அக்களைப்பைப் பாட்டில் ஏற்றத் துணிந்தமையே பெரியாழ்வாரின் பெருமை. குழந்தைப் பாட்டில் குழந்தையின் அழகு மட்டும் இருந்தால் அது படம். தாயின் இடுப்பு வலியும் இருந்தால்தான் அது வீடு.

தளர்நடையை அவர் பாடுகையில் சங்கிலி ஒலிக்க அசைந்து வரும் யானை வந்து நிற்கிறது. புதிதாய் நடப்பவன் கால்களை அகற்றி வைப்பதும், உடல் இருபுறமும் சாய்வதும், விழுவோம் என்னும் நினைப்பே இல்லாத பெருமிதமும் அவ்வுவமையில் அடங்கும். அடுத்து வருவது அச்சோ. முன்புறம் வந்து தழுவுதல். அதனை அடுத்து வருவது புறம்புல்கல். பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்ளுதல். இவ்வரிசையின் நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. நடக்க அறியாத வரையில் தாய்தான் பிள்ளையிடம் சென்றாள். நடக்கத் தெரிந்தபின் பிள்ளை தாயிடம் வருகிறான். விலகிப் போகக் கூடியவன் திரும்பி வந்து தழுவுகிறான். அவள் பார்க்காத பக்கத்திலிருந்து, அவள் கேளாமலே தழுவுகிறான். அன்பு அவனுடைய சொந்த முடிவாகும் முதல் நாள் அதுவே.

பிற்காலப் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் புறம்புல்கலுக்கு இடமில்லாமற் போயிற்று. தின்பண்டம் தருவதாக ஆசை காட்டிக் காது குத்தும் பாட்டும், ஓடி ஒளிபவனைப் பிடித்து நீராட்டும் பாட்டும், குழல் வாரக் காக்கையை அழைக்கும் பாட்டும் அவ்வாறே நழுவின. மரபு ஒழுங்கைத் தந்தது. ஒழுங்கின் விலையாகச் சில காட்சிகளை வாங்கிக்கொண்டது.

மன்னரும் தெய்வமும் அல்லாத குழந்தையைச் சங்கப் புலவர் கண்டிருந்தனர். பாண்டியன் அறிவுடை நம்பி நெய்ச்சோற்றை அளைந்து மேனியெல்லாம் பூசிக்கொள்ளும் சிறு கையைப் பாடினான். பலரோடு உண்ணும் அரசன், இறைந்து கிடக்கும் பருக்கைகளையே செல்வமாக எண்ணினான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் செல்வர் மகன் உருட்டும் மூன்று கால் சிறுதேரைக் காட்டினார். அவரே பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்த தேரை உருட்டிக் களைத்த பிள்ளை பாலுண்டு உறங்குவதையும் காட்டினார். இன்றும் தச்சர் செய்யும் மர நடைவண்டி அச்சிறுதேரின் உறவே ஆகும்.

மழலையைப் பற்றி ஔவையார் சொன்னது இவ்வவையின் கவிஞர்க்கு மிகவும் வேண்டியது. வள்ளுவர் மழலையைக் குழலினும் யாழினும் உயர்த்தினார். ஔவையாரோ, அது யாழோடு பொருந்துவதும் இல்லை, வேளை அறிந்து வருவதும் இல்லை, பொருள் விளங்குவதும் இல்லை, ஆயினும் தந்தையின் நெஞ்சில் அருள் சுரக்கச் செய்கிறது என்றார். அதியமான் முன் தம் சொற்களையும் அத்தகையனவே என்று வைத்தார். கேட்பவனின் அன்பே மழலைக்குப் பொருள் தருகிறது. சோறும் ‘மம்மம்’, நீரும் ‘மம்மம்’, அம்மாவும் ‘மம்மம்’ என்று ஒரே சொல்லால் உலகை அழைக்கும் குழந்தையை, தவறாமல் புரிந்துகொண்டு எழுந்து செல்லும் தாயே முதல் உரையாசிரியர்.

நடையும் மழலையும் வந்தபின் தோன்றுவது விருப்பு. அம்புலிப் பருவத்தில் புலவர் சாம, தான, பேத, தண்டம் என்னும் நான்கு வழிகளாலும் நிலவை அழைப்பர். அந்நான்கையும் ஒரு கிண்ணம் சோறு ஊட்டுவதற்குள் கையாளாத தாய் இல்லை. ‘என் தங்கமல்லவா’ என்பது சாமம். ‘உண்டால் பொம்மை’ என்பது தானம். ‘காக்காய்க்குக் கொடுத்துவிடுவேன்’ என்பது பேதம். ‘பூச்சாண்டி வருவான்’ என்பது தண்டம். நான்கும் தோற்கும் இடத்தில் ஒரு புதிய மனிதன் நிற்கிறான். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மனிதன். சிற்றில் பருவத்தில் ஆண்குழந்தை சிறுமியர் கட்டிய மணல் வீட்டை அழிக்கிறான். அடுக்கிய டப்பாக்களைத் தள்ளிவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் இன்றைய குழந்தையும் அதனையே செய்கிறது. தன் கையால் உலகில் ஒன்று நிகழும் என்று அறியும் கல்வி அது. பெற்றோருக்கு அது பொறுமையின் கல்வி.

இத்தனையும் யசோதை கண்டவை. காணாதவள் ஒருத்தி உண்டு. குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் தேவகியாகி அழுகிறார். பெற்றவள் தேவகி, பருவங்களைப் பெற்றவள் யசோதை. பிள்ளை இறக்கவில்லை, நலமாகவே வளர்ந்தான். ஆயினும் தாலாட்டாத நாவும், சோறு சிந்துவதைக் காணாத கண்ணும் அவளை வருத்துகின்றன. உன் தந்தை யார் என்று ஆய்ச்சியர் வினவியபோது பிள்ளை விரலாலும் கடைக்கண்ணாலும் நந்தகோபனைச் சுட்டினான். அப்பேறு வசுதேவனுக்கு வாய்க்கவில்லை என்கிறாள். தன் இழப்போடு கணவனின் இழப்பையும் எண்ணிய பேருள்ளம் அது. வெண்ணெய் களவில் அகப்பட்டு அஞ்சி நிற்கும் பிள்ளையைக் கண்ட யசோதையே இன்பத்தின் எல்லையைக் கண்டவள் என்றும் கூறுகிறாள்.

விரலும் கண்ணும் சேர்ந்து சுட்டுதல் என்னும் இச்செய்தியின் துல்லியம் வியப்புக்குரியது. ஒன்றரை வயதுக் குழந்தையை ஆராயும் மருத்துவர் இன்று பெற்றோரிடம் கேட்கும் வினாக்களுள் இதுவும் ஒன்று: பிடித்ததை விரலால் காட்டுகிறதா, காட்டிவிட்டு முகத்தைப் பார்க்கிறதா? ஒரு பொருளை இருவர் சேர்ந்து காணும் ஆற்றலே மொழிக்கும் உறவுக்கும் அடித்தளம். அதனைக் காணாதவளின் ஏக்கத்தின் வழியாக ஆழ்வார் பதிவு செய்தார்.

தேவகியைச் சிறையில் வைத்தவன் கம்சன். இன்று கம்சன் இல்லை, தேவகிகள் உளர். மகப்பேற்று விடுப்பை 26 வாரங்களாக உயர்த்திய சட்டத் திருத்தம் 2017ஆம் ஆண்டு வந்தது. பருவக் கணக்கின்படி அவ்விடுப்பு செங்கீரைக்கும் தாலுக்கும் இடையே முடிகிறது. தமிழ்நாட்டு அரசு தன் பெண் ஊழியர்க்கு 2021ஆம் ஆண்டு ஓராண்டு விடுப்பு அளித்தது. அது முத்தப் பருவத்தைக் கடந்து, வருகையின் வாயிலில் நிற்கிறது. நாட்கூலிக்குச் செல்லும் தாய்க்கோ காப்புப் பருவமே கடினம். வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தை கைபேசித் திரையில் தளர்நடையைக் காண்கிறான். திரையைச் சுட்டி ‘அப்பா’ என்கிறது குழந்தை. வசுதேவனைவிட அவன் பேறு பெற்றவனே. ஆயினும் புறம்புல்கல் திரையில் நிகழாது.

வேலைக்குச் செல்லும் தாயைக் குற்றம் கூறுதல் இவ்வுரையின் கருத்தன்று. யசோதை ஈன்றவள் அல்லள் என்பதையே மறத்தல் ஆகாது. பாட்டி, தந்தை, அங்கன்வாடிப் பணியாளர், பக்கத்து வீட்டு அக்காள் என யார் உற்றுப் பார்க்கிறாரோ அவர் யசோதை ஆவார். குழந்தைக்கு வேண்டுவது தன் முதலடியைக் கண்டு மலரும் ஒரு முகம். அம்முகம் இல்லாத வீடுகளும் பெருகாமற் காப்பது சமுதாயத்தின் கடமை.

கண்டவளுக்கும் இழப்பு இல்லாமற் போகவில்லை. நடக்கத் தொடங்கியவன் மீண்டும் தவழ்வதில்லை. பெரியாழ்வாரின் யசோதை ஒரு நாள் பிள்ளையைக் கன்றின்பின் அனுப்பிவிட்டு, குடையும் செருப்பும் கொடுக்காமல் அனுப்பினேனே என்று வருந்துகிறாள். ஒவ்வொரு பருவமும் முந்தைய பருவத்தை விழுங்கியே பிறக்கிறது. வளர்ச்சியை விரும்பும் அதே நெஞ்சு அதனை நிறுத்திவைக்கவும் விரும்புகிறது. இம்முரணே பெற்றோரின் இன்பம். இதுவே பிள்ளைப் பாட்டின் உயிர்.

கவிஞர் பெருமக்களே! தலைவர்க்கும் சான்றோர்க்கும் பிள்ளைத்தமிழ் பாடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. சந்தம் பிழையாமல் அமைகிறது. பருவம் பத்தும் வரிசையில் நிற்கின்றன. குழந்தையை மட்டும் காணோம். வாடகை வீட்டுக் கூடத்தில் வாளியைக் கவிழ்த்துச் சிறுபறை கொட்டும் பிள்ளைக்கும் பாட்டு வேண்டும். நடக்கப் பிந்திய, பேசப் பிந்திய பிள்ளைக்கும் வேண்டும். பருவம் பத்தில் அடங்காத காட்சிகளுக்குப் பதினோராம் பருவம் வகுக்கவும் தமிழ் தடை சொல்லாது. கண்டவர் யசோதையாய் எழுதுக. காண வாய்க்காதவர் தேவகியாய் எழுதுக. இரண்டுக்கும் ஆழ்வார்கள் வழி அமைத்துத் தந்திருக்கின்றனர்.

பத்துப் பருவம் கண்ட இவ்விலக்கிய வட்டம் நீடு வளர்க.