காரின் வில்லும் அதன் ஓசையும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதி வழியாக வடக்கே செல்பவர்கள் வந்தாறுமூலையைக் கடந்து செல்வர். 1981 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிய ஊர் அது. கடற்காற்றும் வாவியின் உவர்ப்பும் கலந்து வீசும் இத்தகைய ஊர்களில் இரும்புக்குத் துரு விரைவில் பிடிக்கிறது. அங்கே பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வைத்திருப்பவருக்கு இது சிறு செய்தியன்று.

ஒருநாள் காரின் பின்பகுதி கடுமையாகக் குலுக்குகிறது. சிறு பள்ளத்திலும் ஓசை எழுகிறது. உடனே சொக் அப்சோபரை மாற்றிவிடலாம் என்பதே பலரின் எண்ணம். பணம் செலவாகிறது, ஓசையோ நிற்பதில்லை. காரணம் வேறிடத்தில் இருப்பதே.

1948 ஆம் ஆண்டில் அலெக் இசிகோனிஸ் வடிவமைப்பில் வெளிவந்த அக்காரின் பின் அச்சைத் தகடுகள் அடுக்கிய இரு விற்கள் தாங்குகின்றன. வில் வளையும்போது தகடுகள் ஒன்றன்மீதொன்று வழுக்க வேண்டும். துருவும் சேறும் இடையே புகுந்தால் அவை ஒட்டிக்கொள்கின்றன. அப்பொழுது பல தகடுகள் கொண்ட வில், தடித்த ஒற்றை இரும்பைப் போல விறைத்துவிடுகிறது.

ஆகவே எளியதிலிருந்து அரியதற்குச் செல்வதே முறை. முதலில் பின்பெட்டியைத் திறந்து, ஜக்கும் மேலதிகச் சில்லும் ஆடுகின்றனவா என நோக்குக. ரயரின் காற்று மிகையா எனவும் அறிக. பின்னர் காரின் பின்மூலையை அழுத்தி விடுக. எழுந்து விரைவில் அமைந்தால் நலம். பலமுறை ஆடினால் சொக் அப்சோபர் தளர்ந்தது. அசையவே மறுத்தால் வில் அல்லது சொக் அப்சோபர் இறுகியது. இரண்டில் எது என்பதை அறிய, சொக் அப்சோபரின் இணைப்பைக் கழற்றி, அதன் கையை மெல்ல மேலும் கீழும் அசைக்கலாம். எதிர்ப்பு சீராக இருந்தால் குற்றம் வில்லினுடையதே.

ஓசையும் வழிகாட்டும். தகடுகளில் நீர் தெளித்தவுடன் கீச்சொலி சற்று நின்றால், தகடுகள் உலர்ந்துள்ளன என்பது பொருள். டக்டக் என்னும் ஓசை தேய்ந்த றப்பர் புஷ்ஷைக் காட்டும். பாரம் ஏற்றியபோது தொம்மென்று இடித்தால், வில் தாழ்ந்து அச்சு தடுப்பு றப்பரில் மோதுகிறது எனலாம்.

தகடுகளைத் துப்புரவாக்கிக் கிறீஸ் இடுகையில் றப்பரில் எண்ணெய் படாமற் காக்க வேண்டும். பட்டால் அது ஊதிக் கெடும். புஷ் ஆணிகளைக் கார் நிலத்தில் தன் பாரத்துடன் நிற்கும்போதே இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் றப்பர் முறுகி நின்று, மீண்டும் கடுமையே விளையும். ஜக்கை மட்டும் நம்பி எவரும் காரின்கீழ்ப் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

ஒரு நிலையில் மட்டும் காலம் தாழ்த்தலாகாது. கார் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, பிறேக் பிடிக்கையில் பின்னால் இடியோசை எழுந்தாலோ, தகடு முறிந்திருக்கலாம். அச்சை வில்லோடு பிணைக்கும் யூ ஆணி தளர்ந்திருக்கலாம். அச்சு இடம் பெயர்ந்தால் கார் நெறி தவறும். அத்தகைய காரை நெடுவழியில் ஓட்டாது, அருகிலுள்ள கராஜில் காட்டுவதே அறிவுடைமை.